"அந்தப் பிள்ளை யாரு, சிஸ்டர்?"

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க் கோவில் திருவிழாவில் ஒன்பதாம் நாள் ராத்திரி போடுவதற்கு இரண்டு மணி நேர நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். கல்யாணம் முடிந்து எட்டு மாதமே ஆன ஜோடி. பைக் விபத்தில் மனைவிக்குத் தலையில் அடி. கண் விழித்ததும் கணவனைப் பார்த்து யாரென்று கேட்கிறாள். அவன் படாத பாடு படுகிறான், மறுபடியும் ஒரு தாலி கட்டிப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வர்ம ஆசான் ஒருவர் வந்து தலையில் ஓர் இடத்தில் தட்ட, எல்லாம் நினைவுக்கு வந்து "அத்தான்" என்று ஓடி வருகிறாள். திரை விழுகிறது. "இது நம்புற மாதிரி இருக்கா? நினைவு போனா காதலும் போயிருமா? முடிவை எப்படி வச்சா நல்லாருக்கும்?" என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் பெரும்பகுதி நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் தலைக்காய வார்டுகளில் போனது. சின்ன வயதில் கோவில் முற்றத்து மணலில் பாய் விரித்து, விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவளும்கூட. உங்கள் கதையை வார்டிலிருந்தும் பார்க்கிறேன், அந்தப் பாயிலிருந்தும் பார்க்கிறேன்.

முதலில் ஆசான் காட்சி. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்து ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பாவுக்குத் தோள்மூட்டு விலகியபோது ஆசான்தான் ஏற்றிவிட்டார். ஆனால் தலையில் அடிபட்டவருக்கு உடனே வேண்டியது ஸ்கேன். மண்டையோட்டுக்கும் மூளையை மூடியிருக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டினால், ஆள் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நன்றாகவே பேசுவார். சில மணி நேரத்தில் சரிந்து விழுவார். அந்த இடைவெளியில் தைலம் தேய்த்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. திருவிழா நாடகத்தை ஊரே பார்க்கும், பக்கத்து ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள். தட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் மனதில் பதிந்தாலும் நமக்குப் பாவம். அடிபட்ட மூளைக்கு இன்னொரு அடி இன்னொரு காயம்தான், போன நினைவு அதனால் திரும்பாது.

இனி மறதிக்கு வருவோம். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் வந்த பெயர். இன்று நடந்ததை நாளைக்கும் நிற்கும்படி சேர்த்து வைக்கிற வேலை அதனுடையது. அங்கே காயம்பட்டால், சமீபத்தில் சேர்ந்தது முதலில் போகும், பழையது நிற்கும். பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் ரிபோ 1881-லேயே இதை எழுதிவைத்தார். நான் அதை ஒவ்வொரு மாதமும் கண்ணால் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெயரைச் சொல்வார்கள், போன வருடம் பிறந்த பிள்ளையைத் தெரியாது. தேறும்போதும் பழைய பக்கத்திலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வரும். விபத்துக்கு முந்தைய சில நிமிடங்கள் பெரும்பாலும் வருவதேயில்லை, ஏனென்றால் அவை சேர்த்து வைக்கப்படவே இல்லை.

அதனால் உங்கள் நாயகி தன் பெயரை மறக்க வேண்டாம். சொந்தப் பெயரையே தொலைத்துவிட்டு மற்றபடி தெளிவாக நடமாடுவது, மனம் தாங்காத அதிர்ச்சியில் வருகிற வேறு வகை மறதி. தலைக்காயத்தில் அப்படி வருவது அரிது. இவளுக்கு ஊர் தெரியும், அம்மையைத் தெரியும், கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த தக்கலை ஜவுளிக்கடை தெரியும். கண் விழித்ததும் "நாளைக்குக் கடைக்குப் போகணும், லீவு சொல்லல்ல" என்று பதறட்டும். அவளைப் பொறுத்தவரை அவள் இன்னும் கல்யாணமாகாதவள். பக்கத்தில் நிற்பவன் யாரோ ஒரு ஆம்பிளை. தன் பெயர் தெரியாமல் விழிப்பதைவிட இதில்தான் நாடகம் இருக்கிறது.

இன்னொன்று, கண் விழித்த உடனே யாரும் சினிமாவில் வருவதுபோல் அமைதியாகப் பார்ப்பதில்லை. முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், ஒரு குழப்பக் கட்டம். கேட்ட கேள்வியையே கேட்பார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், வாயில் வராத கெட்ட வார்த்தை வரும். பகலில் பேசியது சாயங்காலம் இருக்காது. அந்தக் கட்டம் எத்தனை நாள் நீள்கிறதோ அதை வைத்துத்தான் காயத்தின் ஆழத்தைக் கணிப்போம்.

இந்த நேரத்தில் நம் சொந்தக்காரர்கள் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. ஒருவர் விடாமல் கட்டிலருகே வந்து குனிந்து, "என்னைத் தெரியுதா மக்களே?" என்று கேட்பார்கள். பெரியம்மை கேட்பாள், மைனி கேட்பாள், பக்கத்து வீட்டுக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கேட்பார். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் படுத்திருப்பவருக்கு அது பரீட்சை. தெரியவில்லை என்றால் எதிரே ஒரு முகம் வாடுகிறது, தெரிகிறது என்று பொய் சொன்னால் "யாரு, சொல்லு பாப்போம்" என்று அடுத்த கேள்வி. நாங்கள் சொல்லிச் சொல்லி மாற்றுவோம்: கேட்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். "நான் உனக்க பெரியம்மை, கருங்கல்லுல இருந்து வந்திருக்கேன்." அவ்வளவு போதும். இந்தக் காட்சியை மேடையில் வையுங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் தங்களை அதில் பார்ப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற தொழிலாளி. விபத்து நடந்து 11 நாள் கழித்துத்தான் பேச்சு தெளிந்தது. அம்மையைத் தெரிந்தது, தம்பியைத் தெரிந்தது. கடைசி இரண்டு வருடம் மட்டும் துடைத்து எடுத்தாற்போல் இல்லை. அந்த இரண்டு வருடத்துக்குள்தான் கல்யாணம்.

ஒருநாள் எனக்கு நைட் டியூட்டி. மருந்து கொடுக்கப் போனபோது என்னை மெதுவாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளை யாரு, சிஸ்டர்? எப்பவும் இங்கயே நிக்குது. சாப்பிட்ட மாதிரியும் தெரியல்ல. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, பாவம்" என்றார். அந்தப் பெண் திரைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுவின தூக்குவாளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை நின்றுவிட்டது. எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் நான் வெளியே வந்தால், அவள் சொல்கிறாள்: "நேத்து வரை என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிட்டுப் படுப்பாவ, சிஸ்டர். இன்னைக்கு நான் சாப்பிட்டேனான்னு பாத்திருக்காவ."

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்து, தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுக் கஞ்சி விளம்புவாள். பொண்டாட்டி என்ற பேச்சை அவளாக எடுக்கவில்லை. அவர் கேட்டபோது மறைக்கவும் இல்லை. "நமக்குக் கல்யாணம் ஆச்சு. ஞாபகம் வரும்போது வரட்டும். வரல்லன்னாலும் கஞ்சி குடிக்கணும்லா" என்றாள்.

வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, தம்பியோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் பால்வெட்டப் பழகியதே மறந்துபோன அந்த இரண்டு வருடத்துக்குள். "இந்த வேலை எனக்குத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டேதான் கத்தியை வாங்கினாராம். பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நுனியைப் பிடித்து ஒரே இழுவையில் உரித்தார். கத்தியைச் சாய்த்து வைத்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழ்நோக்கிப் பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்தார். மரத்தில் காயமில்லை. பால் கோட்டில் ஓடிச் சிரட்டையில் விழுந்தது. தம்பி அழுதுவிட்டானாம். இவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 27. 2008-இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு போடச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்னால் செய்ததேயில்லை என்றார். கைப்பழக்கம் வேறு இடத்தில் சேருகிறது.

மனசும் அப்படித்தான் கொஞ்சம். ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர், எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணோடு கை குலுக்கும்போது உள்ளங்கையில் ஊசியை மறைத்து வைத்துக் குத்தினார். அடுத்த முறை அவளுக்கு அவரைத் தெரியவில்லை, ஊசியும் ஞாபகமில்லை, கையை மட்டும் நீட்ட மறுத்துவிட்டாள். 1911-இல் வெளிவந்த செய்தி. கொடுமையான சோதனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் விஷயம் உண்மை. 2010-இல் அமெரிக்காவில் அயோவாவில் நினைவிழந்த சிலருக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். பார்த்ததை மறந்த பிறகும் அவர்களுடைய துக்கம் மறையாமல் நீடித்தது. சந்தோஷமும் அப்படி நிற்கும். வந்து போனவள் யாரென்று தெரியாமலே, அவள் வந்து போன சுகம் மனதில் தங்கும். தினமும் கஞ்சி விளம்பின பெண் இதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாள்.

நீங்கள் ஒரு காட்சியில் தோவாளைப் பிச்சிப்பூ வாசத்தில் அவளுக்கு நினைவு வருவதாக எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அழகான எண்ணம். வாசனைக்கும் உணர்ச்சிக்கும் மூளையில் வழி நெருக்கம்தான். ஆனால் தலை மோதும்போது மூக்கின் மேல் எலும்பு வழியே போகிற மெல்லிய நரம்பிழைகள் அறுந்து, வாசனையே தெரியாமல் போவது தலைக்காயத்தில் அடிக்கடி நடக்கும். அவன் ஆசையாகப் பூ வாங்கி வந்து தலைமாட்டில் வைக்க, அவள் "இதுல வாசம் இல்லியே, பழைய பூவா?" என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நான் அதைத்தான் வைப்பேன்.

இவ்வளவும் சொன்னதால் காதல் தானாகத் திரும்பிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிச்சயம் நிற்கும், பயம் போகும், ஒரு நெருக்கம் வரும். அதிலிருந்து காதல் வரலாம், வராமலும் இருக்கலாம். இங்கிலாந்து இசைக்கலைஞர் கிளைவ் வேரிங்குக்கு 1985-இல் மூளைக்காய்ச்சல் வந்து, நினைவு சில விநாடிகளுக்கு மேல் தங்காமல் போனது. மனைவி டெபோராவை மட்டும் ஒவ்வொரு முறையும் பல வருடம் பிரிந்திருந்தவர்போல் ஓடி வந்து கட்டிக்கொள்வார். அது ஒரு விதம். அமெரிக்காவில் கிம், கிரிக்கிட் கார்பென்டர் தம்பதிக்கு நடந்தது வேறு. 1993 நவம்பரில், கல்யாணமாகிப் பத்தே வாரத்தில் கார் விபத்து. மனைவி கிரிக்கிட்டுக்குச் சுமார் 18 மாத நினைவு போய்விட்டது. கணவரைச் சந்தித்தது, பழகியது, மணந்தது எல்லாமே அதற்குள். அது திரும்பவேயில்லை. கணவர் மறுபடியும் வெளியே அழைத்துப் போய், பழகி, 1996-இல் இரண்டாம் முறை கல்யாணம் செய்தார்கள். உங்கள் கதைக்கு அந்த நடு இரண்டரை வருடம்தான் வேண்டும். அதைத்தான் நம் நாடகங்கள் ஒரு பாட்டில் தாண்டிவிடுகின்றன.

அந்தத் தாலிக் காட்சியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். அவளுக்கு அவன் அந்நியன். முன்பின் தெரியாத ஒருவன் கழுத்தில் தாலி கட்டுகிறான், சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் "கட்டிக்க மக்களே, உனக்க மாப்பிள்ளதான்" என்கிறார்கள். இதைக் காதல் காட்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. அவளுக்கு நடப்பது பயங்கரம். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம்: தனி அறையில் படுக்கட்டும், அவளாக வரும்வரை அவசரப்படுத்தாதீர்கள். சிலர் கேட்டார்கள். கேட்காத வீடுகளில் என்ன நடந்தது என்று பிறகு அந்தப் பெண்களே வந்து சொல்லி அழுதிருக்கிறார்கள். உங்கள் நாயகிக்கு "எனக்கு உங்களைப் பிடிக்கல்ல" என்று சொல்லும் ஒரு காட்சி கொடுங்கள். அதைச் சொல்ல முடிந்தவள் பிறகு பிடிக்கிறது என்று சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

கணவனுக்கும் இழப்பு உண்டு, அதையும் எழுதுங்கள். தலைக்காயம் நினைவை மட்டும் தொடுவதில்லை. சிரித்த முகம் சிடுசிடுப்பாகும், சிக்கனக்காரர் கைக்காசைக் கண்டபடி செலவழிப்பார், பேச்சு குறையும். "உயிரோட திரும்பி வந்தாச்சு, ஆனா இது எனக்க ஆளு இல்ல, சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னவர்கள் பல பேர். அவள் அவனைப் புதிதாக அறிய வேண்டியிருப்பது போலவே, அவனும் இந்தப் புதியவளைப் புதிதாக அறிய வேண்டும். பழையவளையே தேடிக்கொண்டிருந்தால் எதிரே நிற்பவளைப் பார்க்கவே மாட்டான்.

மேடைக்கு இது புதிய சரக்கும் இல்லை. சகுந்தலை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மகாபாரதத்தில் துஷ்யந்தனுக்கு மறதியே கிடையாது. எல்லாம் தெரிந்துகொண்டே சபையில் தெரியாது என்பான். சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்துக் கதையை மாற்றியவர் காளிதாசன். மறதி வந்ததும் ராஜா மேலிருந்த குற்றம் போய்விட்டது. மறதிக் கதை எழுதும்போதெல்லாம் இதைக் கவனிக்க வேண்டும்: யாரைக் காப்பாற்ற இந்த மறதி? அந்த மோதிரத்தை மீன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்த மீன்காரனைக் காவலர்கள் திருடன் என்று பிடித்து அடிப்பார்கள். உங்கள் ஊரில் அந்த ஒரு காட்சியைத் தனி நாடகமாகவே போடலாம். சினிமாவில், 1982-இல் வந்த மூன்றாம் பிறையில் நாயகி குணமாவதே, தன்னைப் பார்த்துக்கொண்டவனை மறப்பதாக முடிகிறது. 2012-இல் வந்த நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் உண்மையில் நடந்ததை வைத்து எடுத்தது. கிரிக்கெட்டில் பின்தலையில் அடிபட்ட மாப்பிள்ளை, காதலித்த ஒரு வருடத்தை மட்டும் தொலைக்கிறான். மருத்துவக் கணக்கில் இது நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். கேட்டதையே கேட்பது அதில் அப்படியே இருக்கும்.

முடிவுக்கு வருகிறேன். அந்தப் பால்வெட்டுக்காரர் வீட்டில் நாலாம் மாதம் ஒருநாள், "உனக்கு வேற போக்கிடம் இல்லாமத்தான் இங்க நிக்கியா?" என்று கேட்டிருக்கிறார். மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. அவள், "எனக்க அண்ணன் வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமில்லை என்று என்னிடம் சொன்னாள். "அவிய என்னைத் தேடுதாவளா, கடமைக்கு வச்சிருக்காவளான்னு எனக்கும் தெரியணும்லா." ஒன்பதாம் நாள் அவர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பஸ் ஏறிப் போனார். தனியாகப் பஸ்ஸில் போனது விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

போன வருடம் மார்த்தாண்டம் சந்தையில் இருவரையும் பார்த்தேன். பிள்ளை இடுப்பில் இருந்தது. மறந்துபோன இரண்டு வருடம் இன்றுவரை வரவில்லை. அவர் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன், அதை உங்களுக்கு அப்படியே தருகிறேன், கடைசி வசனத்துக்கு ஆகும். கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார்: "நல்ல மழையாம், சிஸ்டர். பந்தல் ஒழுகிச்சாம். நான் நனைஞ்சுட்டே நின்னேனாம், இவ சிரிச்சாளாம்." தன் சொந்தக் கல்யாணத்தை, அடுத்தவர் சொல்லிக் கேட்ட கதைபோல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு "ஆம்" போட்டுச் சொன்னார். அடுத்து, அண்ணன் வீட்டுக்குப் போன நாள்: "அன்னைக்கும் மழை. பஸ்ஸ விட்டு இறங்கி நடந்தேன். குடை எடுக்கல்ல. இவதான் கதவைத் திறந்தா."